கச்சான் அடங்கட்டும்

போன வாரம் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது எதிர் சீட்டுத் தோழி கேட்டாள்: "மணப்பாடு மணப்பாடுன்னு சொல்லிட்டே இருப்பியே, மே மாச லீவுல பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?"

மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர். போகலாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. "எதுக்குப் போறீங்க? கடல்ல குளிக்கவா, பதநீர் குடிக்கவா?" என்று கேட்டேன். ஹோட்டல் பேரைக் கேட்டால் சாதம் வடிக்கும் முறையைச் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பெல் அடித்த மாதிரி இருவருக்கும் வேலை வந்துவிட்டது. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி லிங்க் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இணையத்தில் தேடினால் 'அக்டோபர் முதல் மார்ச் வரை' என்று ஒரு வரி கிடைக்கும். யாரோ கோவாவுக்காக எழுதியதை அப்படியே கன்னியாகுமரி வரைக்கும் இழுத்து ஒட்டிவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். கோவாவில் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பரோடு முடிந்துவிடும். அவர்களுக்கு அந்த வரி சரி. எங்கள் பக்கம் அக்டோபரில்தான் மழையே ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குடையும் கையுமாகத் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைக்கு வந்து, "சீசன்னு போட்டிருந்துச்சே" என்று விழிக்கிற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு உடன்குடியில் ஒரு பெரியம்மா இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து மணப்பாடு பக்கம்தான். அதனால் நல்லது கெட்டது என்று எதற்கு ஊருக்குப் போனாலும் ஒரு எட்டு கடலுக்கும் போய்விடுவேன். இப்படியே எல்லாப் பருவத்திலும் போயாகிவிட்டது. பெரும்பாலும் தப்பான பருவத்தில்.

முதல் தடவை மே மாதம். எல்லோரையும் போலத்தான், பையனுக்கு அப்போதுதான் லீவு. ஊரைத் தெரியாதவர்களுக்கு: மணப்பாட்டில் கடலுக்குள் மூக்கை நீட்டிய மாதிரி ஒரு மணல்குன்று இருக்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. புயலில் சிக்கித் தப்பித்த போர்ச்சுக்கீசியக் கப்பல்காரர் ஒருவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அந்த மேட்டில் நட்டார் என்று ஊரில் சொல்வார்கள். 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகையும் அங்கேயே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தது பகல் பதினொன்றரைக்கு. கோயிலுக்குள் போகச் செருப்பைக் கழற்றினோம். வெளியே வரும்போது வாசலில் போட்ட செருப்பு ரப்பர் வாசனையோடு சுட்டது. பையனுக்கு அப்போது ஐந்து வயது. மணலில் நாலு எட்டு வைத்துவிட்டு அப்பாவின் முதுகில் ஏறியவன், கார் வரைக்கும் இறங்கவில்லை. கடலில் கால் நனைத்தோமா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

ஆனால் மறுநாள் காலையில் பெரியம்மா எழுப்பி விட்டாள். "ஏளா, வெயில் ஏறுறதுக்கு முன்னால போய்க் குடிச்சிட்டு வந்துருங்க." உடன்குடிக்கு வெளியே பனங்காட்டில் ஒரு விடிலி. பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்போதுதான் மரத்திலிருந்து இறக்கியிருந்தார்கள். கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தது. அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கள்ளாகிவிடும். பனை ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, ஓலையின் விளிம்பில் வாயை வைத்தால் முதலில் ஓலை மணம், அப்புறம் இனிப்பு, கடைசியில் சுண்ணாம்பின் லேசான காரல். இரண்டாவது பட்டையில் நுங்கைத் தோண்டிப் போட்டுத் தந்தார்கள். பையன் வயிறு முட்டக் குடித்துவிட்டு, சட்டை முன்பக்கம் முழுக்க ஈ மொய்க்க வந்தான். பக்கத்தில் தாச்சட்டியில் பதநீர் காய்ந்து பாகாகிக்கொண்டிருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டி அப்படித்தான் பிறக்கிறது. சூட்டோடு அதில் ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டவர்கள் மே மாதத்தைத் திட்ட மாட்டார்கள்.

ஆக, பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் பனைக்கு நல்ல காலம். கடலுக்கு அல்ல.

மே மாதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தென்தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை அடிக்கடி வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயலில் கிளம்பும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நம் கரைக்கு வந்து ஏறுகிறது. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று மேலே வரும். சொல்லாமல் திருடன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்தியிலும் வரும். அன்றைக்கு கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று இறங்காதீர்கள்.

மீன் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வியாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான். மணப்பாட்டுக்காரர்களுடையது சின்ன ஃபைபர் படகுகள், அவர்கள் போவார்கள். மீன் கிடைக்கும், ஆனால் மற்ற மாதத்து விலைக்குக் கிடைக்காது.

இரண்டாவது தடவை போனது ஆடியில். பெரியப்பாவின் திதிக்குப் போயிருந்தேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாலும், அந்தப் பழமொழியைச் சொன்னவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் தீர்ந்த வெறும் காற்று கணவாய் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. காற்றாலைக்காரர்களுக்குத் திருவிழா. எங்களுக்கு வீடு முழுக்க மண். பெரியம்மா காலையில் துவைத்துக் கொடியில் போட்ட நூல் சேலை பதினோரு மணிக்கு அங்கே இல்லை. தேடிப்பார்த்தால் இரண்டு வீடு தள்ளி உடைமரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது. முள்ளிலிருந்து ஒவ்வொரு நூலாக எடுத்தோம். அரை மணி நேரம். "ஆடி பொறந்துட்டுன்னு கேலண்டர் பாத்தா தெரியணும்?" என்று பெரியம்மா சேலையிடம் பேசிக்கொண்டாள்.

எனக்குத் தலைக்கனம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் போவதா என்று சாயங்காலம் மணப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வழியில் தேரிமணல் ரோட்டின் குறுக்கே சிவப்புப் பாம்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குன்றில் ஏறினால் நிற்க முடியவில்லை. மணல் கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்த்தபோது, கோயில் சுவருக்குக் காற்று மறைவாக ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் அந்த மறைவிலேயே ஒண்டிக்கொண்டேன்.

"எங்க இருந்து வாரிய?"

"மெட்ராஸ். பெரியம்மா வீடு உடன்குடி, அண்ணாச்சி."

"உடன்குடி வீடுன்னு சொல்லுதிய, ஆடியில கடல் பாக்க வந்திருக்கிய" என்று சிரித்தார். வலைக் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. "கச்சான் அடங்கட்டும். பொறவு வாங்க."

எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டேன். அவர் மாதத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, காற்றிலிருந்து ஆரம்பித்தார். மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் புரட்டாசியில் ஓயும். அப்புறம் வடக்கே இருந்து வாடை வந்துவிடும், மழையைக் கூட்டிக்கொண்டு. ஒரு காற்று ஓய்ந்து அடுத்தது வருவதற்கு நடுவே கொஞ்ச நாள் கடல் சும்மா கிடக்கும். வாடை தளர்ந்து கச்சான் திரும்பக் கிளம்புவதற்கு முன்னால், மாசி பங்குனியில் இன்னும் கொஞ்ச நாள். "அம்புட்டுதான். மத்த நாளு எங்களுக்கு, அந்த நாளு உங்களுக்கு."

குன்றின் சங்கதியையும் அவர்தான் சொன்னார். அது கரையை இரண்டாக வெட்டி நிற்பதால் கச்சான் நாளில் தெற்குப் பக்கம் அலை புரளும்போது வடக்குப் பக்கம் ஓரளவு அடங்கி இருக்கும், வாடை நாளில் அதுவே மாறும். அந்தக் காற்றுக்கென்றே அலைச்சறுக்குப் பலகையோடும் பாய் கட்டிய பலகையோடும் வெளியூர்ப் பையன்கள் இங்கே வருகிறார்கள். எனக்கு விரட்டுகிற காற்று அவர்களுக்குச் சீசன். அதனால் அலை ஏறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பேச்சை அப்படியே திருப்பிப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி அமைதி நன்றாகத்தானே இருக்கிறது, அப்போதே போகலாமே என்று நினைத்து ஒரு வருடம் முயற்சி செய்தேன். அமைதி கடலில்தான். புரட்டாசி பிறப்பதற்கு முன்னாலேயே, செப்டம்பர் 1 முதல் 14 வரை மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அந்தக் காலத்துக் கொழும்பு வியாபாரிகளின் பெரிய பெரிய வீடுகளெல்லாம் அந்தச் சமயம் திறந்துவிடும். எங்கெங்கோ போய்விட்ட குடும்பங்கள் வந்து சேரும். ஜன்னலில் விளக்கு எரியும், வராண்டாவில் பேரப்பிள்ளைகள் ஓடும். ஊரை உயிரோடு பார்க்க வேண்டுமானால் அந்த இரண்டு வாரம்தான். குளிக்க, நடக்க, சும்மா உட்கார என்றால் இடமே கிடையாது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் குலசையில், அதாவது குலசேகரப்பட்டினத்தில், தசரா வந்துவிடும். காளி வேஷமும் குரங்கு வேஷமும் குறவன் வேஷமுமாக லட்சக்கணக்கில் ஜனம். திருச்செந்தூர் ரோட்டில் பஸ் ஊர்ந்துதான் போகும். தசராவுக்கென்றே வாருங்கள், அதுவும் பார்க்க வேண்டியதுதான். கடலையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கந்த சஷ்டி நேரத்தில் போய்ப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மணப்பாட்டில் தங்க அறைகள் அதிகம் கிடையாது, வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் திருச்செந்தூரில்தான் தங்குவார்கள். அந்த வருடம் பெரியம்மா வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்ததால் நாங்களும் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் போனிலேயே அறை சொல்லி வைத்தோம். போய் நின்றால், சூரசம்ஹாரம் வருகிறது, சொன்ன வாடகை போல மூன்று மடங்கு கொடுத்தால்தான் சாவி என்றார்கள். அட்வான்ஸ் ரசீது கொடுத்திருக்கவில்லை. சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் மழையில் நனைந்துகொண்டு பெரியம்மா வீட்டுக்கே போய், சுண்ணாம்பு வாசனையில் படுத்துத் தூங்கினோம். தப்பு என்னுடையதும்தான். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் திருச்செந்தூரில் அறை போடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கும்.

மழைக்காலத்தைப் பற்றிப் பேசும்போது 2023 டிசம்பரைச் சொல்லாமல் விட முடியாது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. இந்த மாவட்டம் ஒரு முழு வருடத்தில் பார்க்கும் மழையைவிட அதிகம், ஒரே நாளில். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பெரியம்மாவின் போன் மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தவள் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாளா?" எல்லா வருடமும் அப்படி ஆகாதுதான். ஆனால் கார்த்திகையிலும் மார்கழி முதல் பாதியிலும் டிக்கெட் போடுகிறவர்கள், திரும்பி வரும் டிக்கெட்டை மனதளவில் தளர்த்தியே வைத்திருங்கள்.

சரி, அந்த மழை கடைசியில் ஒரு நல்லதும் செய்கிறது. கருமேனியாறு மணப்பாட்டில்தான் கடலில் சேர்கிறது. வருடத்தில் பாதி நாள் அதை ஆறு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக் கிடக்கும். நல்ல மழை பெய்தால் திட்டு உடைந்து ஆறும் கடலும் கலக்கும். மழை விட்ட பிறகு, தை மாதத்தில், கரைக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீர் தேங்கும் காயல் கண்ணாடி மாதிரி நிறைந்து நிற்கும். கொக்கும் நாரையும் பெயர் தெரியாத பறவைகளும் ஒற்றைக்காலில் தவம் இருக்கும். மே மாதம் போகிறவர்களுக்குக் காயலின் இடத்தில் பெரும்பாலும் சேறும் உப்புப் படிந்த ஓரமும்தான் காட்சி.

அந்த அண்ணாச்சி சொன்ன மாசிக்கு ஒருவழியாகப் போனது மூன்று வருடத்துக்கு முன்னால். (மாசி என்றாலே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கருவாடும் ஞாபகத்துக்கு வரும், அது வேறு கதை.) பிப்ரவரி கடைசி வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறி, சனிக்கிழமை காலை திருச்செந்தூரில் இறங்கி, உவரி போகும் பஸ்ஸில் ஏறினோம். மணப்பாட்டுக் கரையில் நிற்கும்போது எட்டரை மணிகூட ஆகவில்லை. முதலில் கவனித்தது, துப்பட்டா அசையாமல் தோளிலேயே கிடந்தது. கடல் அலையடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முழங்கால் உயரத்துக்கு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிதானமாக இடைவெளி விட்டு. படகுகள் கரையேறியிருந்தன. ஒரு படகின் ஓரத்தில் இரண்டு பெண்கள் வலையிலிருந்து சாளை மீனை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு உதறலுக்கு நாலு மீன் மணலில் விழும், வெயில் பட்டு ஒரு தடவை பளிச்சென்று துள்ளும், அதோடு அடங்கிவிடும். செதில்கள் அவர்கள் முழங்கை வரைக்கும் ஒட்டி மினுங்கின. என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் வரைக்கும் கடலில் கிடந்தோம். மணல் கால் சுடவில்லை. குகைக்குள் உட்கார்ந்தபோது வெளியே அலை இழுத்துப் போகும் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்கூடக் கேட்டது. ஆடியில் அதே இடத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

பதநீரும் கிடைத்தது. புதுப் பாளையின் முதல் பதநீர், கொஞ்சம்தான் இறங்கியது என்று ஒரு பட்டைக்கு மேல் தரவில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், மாசி பங்குனி என்பது பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம். ஊர் நன்றாக இருக்கும்போது லீவு இல்லை, லீவு இருக்கும்போது ஊர் கொதிக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் நான் சொல்கிற எதுவும் நடக்காது. மற்றவர்கள் தை பாதிக்கு மேல் ஏதாவது ஒரு வாரக் கடைசியைப் பிடித்துவிடுங்கள். பொங்கல் வாரமும் தைப்பூசமும் வேண்டாம், திருச்செந்தூரில் பாத யாத்திரைக் கூட்டம் இருக்கும். வெள்ளி சாயங்கால ரயிலில் போய், ஞாயிறு இரவு ரயிலில் திரும்பிவிடலாம். இரண்டு பகல் போதும், அது சின்ன ஊர்தான்.

மே மாதம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், தோழி, உனக்குத்தான் சொல்கிறேன், கடலைக் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் பார்த்துவிடு, எச்சரிக்கை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள், பத்து மணிக்கு மேல் பனங்காட்டு நிழலைவிட்டு வெளியே வராதே. வரும்போது எனக்கு ஒரு கிலோ சில்லுக் கருப்பட்டி.

குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது ஓட ஆரம்பித்தால் கச்சான், வாடையோடு ராக்கெட் நாள் என்று இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டி வரலாம். அது அப்போது.

எங்களுக்கு வரும் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. இன்று காலை பெரியம்மாவுக்குப் போன் செய்து, வாடை அடங்கிவிட்டதா, கடல் எப்படி இருக்கிறதாம் என்று கேட்டேன்.

"கடலப் பத்தி எனக்கு என்னளா தெரியும்? நேத்துக் கொடியில போட்ட சேலை இன்னும் அங்கனயேதான் கிடக்கு. வா."